பொருந்தினால் தொடர்புகொள்வோம்

எங்கள் ஊரில் பௌர்ணமியன்று யாரும் வீடு மாற்ற மாட்டார்கள். நல்ல நேரம், கெட்ட நேரம் எல்லாம் காரணமில்லை. கிரிவலக் கூட்டத்தில் சாமான் வண்டி உள்ளே வர முடியாது, அவ்வளவுதான். வீடு மாற்றுகிற தொல்லை உங்களுக்கும் தெரிந்திருக்கும். பழைய வீட்டில் அசையாமல் நின்ற பீரோ புது வீட்டில் ஆடும். தரை சரியில்லை என்று நாம் சொல்வோம். பீரோவின் கால் முதலிலிருந்தே கோணல் என்பது அப்போதுதான் தெரியவரும். ஒரு வெப்சைட்டை ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்கு மாற்றுவதும் ஏறக்குறைய அப்படித்தான். கம்ப்யூட்டர் தெரியாதவர்களுக்கும் புரியும்படி எழுது என்று நீங்கள் சொன்னதால் இங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

என் பெயர் மாறன். செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைத் தாண்டி பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். வெளிநாட்டுக்காரர்கள் வந்து மெயில் பார்ப்பார்கள், கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார்கள், மறுபடி மெயில் பார்ப்பார்கள். அது வயிற்றுப்பாட்டுக்கு. என் தொழில் வெப்சைட் செய்வது. இந்த ஊரில் அதை ஒழுங்காகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். வேங்கிக்காலில் ஒருத்தர் போர்டு மாட்டி வைத்திருக்கிறார். அவர் செய்த தளங்களை ஒருமுறை பார்த்துவிட்டு என்னுடையதைப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

காப்பகத்துக்குத் தளம் செய்து கொடுத்தது நான்தான். கிரிவலப் பாதையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறதே, அதே காப்பகம். கூட்டத்தில் தொலைந்தவர்கள், கூட்டத்தைச் சாக்கிட்டு வீட்டார் விட்டுப்போனவர்கள், மனம் பேதலித்தவர்கள் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சக்கரவர்த்தி ஐயா அதை நடத்துகிறார். உள்ளே இருப்பவர்களைக் குளிப்பாட்டி, சோறு போட்டு, சண்டை தீர்த்து வைப்பவர் தனம் அக்கா. இருப்பவர்களின் படங்களைத் தளத்தில் போட்டு வைத்தால் தேடுகிற குடும்பங்கள் பார்த்து அடையாளம் சொல்வார்கள் என்பது ஐயாவின் யோசனை. நல்ல யோசனை.

முதலில் முகவரியும் போன் நம்பரும் போட்டிருந்தோம். விளைவு என்னவென்றால், முகவரி தெரிந்தவர்கள் தங்கள் வீட்டு நோயாளிகளைக் கொண்டுவந்து கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். அதனால் இரண்டையும் எடுத்துவிட்டு, செய்தி அனுப்ப ஒரு பக்கம் மட்டும் வைத்தேன். அதில் எழுதி அனுப்பினால் செய்தி சர்வரில் பதிவாகும். ஒரு நகல் காப்பகத்துக்கு மெயிலில் போகும். அனுப்பியவருக்குத் தானாக ஒரு பதிலும் போகும். அந்தப் பதிலை எழுதியவனும் நானே. "தங்கள் செய்தி கிடைத்தது. பொருந்தினால் தொடர்புகொள்வோம். ஒரு வாரத்துக்குள் எங்களிடமிருந்து தகவல் வராவிட்டால், தாங்கள் தேடுபவர் எங்களிடம் இல்லை என்று கொள்ளவும்." யாருக்கும் உட்கார்ந்து 'இல்லை' என்று எழுத வேண்டியதில்லை பாருங்கள். ஐயாவுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் தீபத் திருவிழா முடிந்த கையோடு சர்வரை மாற்ற வேண்டி வந்தது. பழைய இயந்திரத்தை மூடப்போவதாக அந்தக் கம்பெனி சொல்லிவிட்டது. புதியதில் பிஎச்பி புதிய பதிப்பு. பிஎச்பி என்பது பக்கங்களைத் தயாரிக்கிற மொழி. ஏதாவது தப்பு நடந்தால் அது மூன்று விதமாகச் சொல்லும். பெரிய தப்பு என்றால் வேலையை நிறுத்திவிடும். நடுத்தரம் என்றால் அதட்டும். சின்னது என்றால் நோட்டீஸ் என்று ஒரு வரி போட்டு முணுமுணுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். பழைய சர்வர் இந்த முணுமுணுப்பையெல்லாம் உள்ளேயே அடக்கி வைத்திருந்தது. புது சர்வர் அத்தனையையும் பக்கத்தின் தலையில் வரிசையாகக் கொட்டியது.

சக்கரவர்த்தி ஐயா போன் செய்தார். மேலே வரிவரியாக இங்கிலீஷில் என்னவோ வருகிறது, ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள், மானம் போகிறது என்றார். "இன்னா ஏதுன்னு எனக்கு வாணாம்ப்பா. அது கண்ணுல படக் கூடாது. எடுத்துடு" என்றார். இதை அவர் மறுக்க மாட்டார். மறுத்தாலும் நான் சொன்னது சொன்னதுதான்.

நான் உட்கார்ந்து எல்லா வரிகளையும் படித்தேன். படிக்காமல் விட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். இந்தப் பெட்டி காலியாக இருக்கிறது, அந்தப் பெட்டி காலியாக இருக்கிறது என்கிற புலம்பல்தான் எல்லாம். பெரும்பாலானவை காலியாக இருந்தாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாதவை. ஒரே ஒரு வரி மட்டும், நகல் போய்ச் சேர வேண்டிய காப்பகத்தின் மெயில் முகவரி காலி என்றது. அந்த முகவரி எழுதியிருந்த கோப்பைப் பழைய இடத்திலேயே தேடிக்கொண்டிருந்தது தளம். அதையும் படித்தேன். ஒவ்வொன்றாகத் திருத்தப் பொறுமை வேண்டும். எதையும் வெளியே காட்டாதே என்று அமைப்பில் ஒரு வரி சேர்க்க ஒரு நிமிஷம் போதும். ஐயா கேட்டது கண்ணில் படக் கூடாது என்பதைத்தான். அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். பக்கம் கழுவி விட்டதுபோல ஆனது. மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். என் தொழிலில் இருக்கிற யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், இதைச் செய்யாதவன் ஒருவனும் கிடைக்க மாட்டான்.

பொங்கல் விழாவில் எனக்குச் சால்வை போட்டார்கள். சர்வர் மாற்றியதே தெரியாமல் மாற்றிக் கொடுத்த தம்பி என்று ஐயா மைக்கில் சொன்னார். வேங்கிக்கால்காரரும் கூட்டத்தில் இருந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்கவில்லை.

சர்வர் மாற்றிய நாளிலிருந்தே காப்பகத்துக்கு ஒரு செய்தியும் போகவில்லை. அனுப்பியவர்களுக்கு மட்டும் 'தங்கள் செய்தி கிடைத்தது' என்று தவறாமல் பதில் போய்க்கொண்டிருந்தது. காப்பகத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. முன்பும் செய்திகள் எப்போதாவதுதான் வரும். இந்தக் காலத்தில் யாரும் யாரையும் தேடுவதில்லை என்று தனம் அக்கா சலித்துக்கொள்வார். நானும் ஆமாம் என்பேன். செய்திகள் வந்து கிடப்பது அப்போது எனக்கும் தெரியாது.

இனி அந்தப் பெண்ணைப் பற்றி. தீபத்துக்கு மறுநாள் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தவளைக் காப்பகத்துக்காரர்கள் கூட்டிவந்தார்கள். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். என்ன கேட்டாலும் சிரிப்பாள். பெயர் சொல்லத் தெரியவில்லை. தலையெல்லாம் பேன் என்பதால் மொட்டை அடித்துவிட்டுத்தான் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தைத் தளத்தில் ஏற்றியதும் நான்தான். தீபக் கூட்டத்தோடு வந்தவள் என்பதால் அண்ணாமலையாரைக் கும்பிட வந்தவள் என்றே எல்லாரும் நினைத்தார்கள். அவளைப் பற்றித் தனம் அக்காவுக்கு ஒரே ஒரு குறைதான். "ராத்திரி சோத்தத் தொட மாட்டேங்குதுப்பா. வாயக் கெட்டியா மூடிக்கிது. பிடிவாதம் ஜாஸ்தி" என்பார். காப்பகத்தில் இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு. காலையிலும் மத்தியானத்திலும் சாப்பிட்டதோடு சரி. நாளுக்கு நாள் இளைத்தாள். சில சமயம் கண் சொருகி, கை வெட்டி இழுத்து விழுவாள். பசி மயக்கம் என்று தண்ணீர் தெளிப்பார்கள்.

மாசி மாதம், சர்வரில் இடம் நிரம்பிவிட்டது என்று கம்பெனியிலிருந்து சொன்னார்கள். எது இடத்தை அடைக்கிறது என்று உள்ளே போய்ப் பார்த்தேன். அப்போதுதான் அந்தச் செய்திகள் கண்ணில் பட்டன. யாரும் பார்க்காமல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. படித்தேன். ஸ்ரீபால் என்பவன் மஸ்கட்டிலிருந்து மூன்று தடவை எழுதியிருந்தான். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தான்.

அக்காவைத் தேடுவதாக எழுதியிருந்தான். பெயர் மருதேவி. ஊர் வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமம். வைத்தியத்துக்காகத் திண்டிவனம் கூட்டிப்போன இடத்தில், தீபத்துக்கு விட்ட சிறப்புப் பேருந்து எதிலோ ஏறிவிட்டாளாம். அம்மா இல்லை, அப்பா படுத்த படுக்கை, தேடிப் போக ஊரில் ஆளில்லை. உங்கள் தளத்தில் இருக்கிற மொட்டைத் தலைப் படம் அக்காவைப் போலவும் இருக்கிறது, இல்லாததுபோலவும் இருக்கிறது, அவளுக்கு இடுப்பு வரை முடி என்று எழுதியிருந்தான். அடையாளத்துக்கு ஒன்று சொல்லியிருந்தான். நாங்கள் சமணர்கள், பொழுது சாய்ந்தபின் அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள், எல்லாம் மறந்துபோனாலும் அது மட்டும் அவளுக்கு மறக்காது என்று.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. என்னோடு படித்த ஜினேஷும் சமண நயினார் வீட்டுப் பையன்தான். பள்ளிக்கூடச் சுற்றுலா போனால் வெளிச்சம் இருக்கும்போதே பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டு முடித்துவிடுவான். நாங்கள் கேலி செய்வோம். இந்த மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது தெரியாத விஷயமில்லை. கோயில் ஊருக்கு வந்தவள் என்ற நினைப்பில் காப்பகத்தில் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. அது அவர்கள் தப்பு.

மூன்றாவது செய்தியில் இன்னொன்றும் எழுதியிருந்தான். அக்காவுக்குக் காக்காய் வலிப்பு உண்டு, இரண்டு வேளை மாத்திரை, இது நின்றால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று. மாத்திரையின் பெயரையும் போட்டிருந்தான். அவள் அங்கே இல்லை என்றால் இல்லை என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், நான் வேறு இடத்தில் தேடிக்கொள்கிறேன் என்று முடித்திருந்தான்.

அன்றைக்கே முகவரிக் கோளாறைத் திருத்திவிட்டேன். இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாள் முதல் ஒரு செய்திகூடத் தவறவில்லை. கிடந்த பழைய செய்திகளை மட்டும் அனுப்பவில்லை. அனுப்பினால் தேதி தெரியும். இத்தனை நாள் எங்கே கிடந்தது என்று ஐயா கேட்பார். மைக்கில் என்னைப் புகழ்ந்த வாயாலேயே கேட்பார். வேங்கிக்கால்காரர் கடை கடையாகப் போய்ச் சொல்வார். ஸ்ரீபால் இன்னொரு தடவை எழுதட்டும், நேராகக் காப்பகத்துக்குப் போய்விடும், யாருக்கும் தலைகுனிவு இல்லாமல் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று இருந்தேன். தினமும் காலையில் பார்ப்பேன். அவன் எழுதவில்லை. மூன்று தடவை எழுதியவனுக்கு நான்காவது தடவை எழுத என்ன கேடு? உண்மையைச் சொன்னால் அவன்மேல் எனக்குக் கோபமே வந்தது. ஒரு வாரம் பதில் வராவிட்டால் இல்லை என்று கொள்ளவும் என்று எழுதியிருந்தால் அப்படியே கொண்டுவிடுவதா?

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. செய்திகளைப் படித்த மறுநாளே சாயந்திரம் ஐந்து மணிக்கு இட்லி வாங்கிக்கொண்டு காப்பகத்துக்குப் போனேன். வெயில் இருக்கும்போதே அவள் முன்னால் வைத்தேன். ஒன்று மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். தனம் அக்காவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "உனக்கு எப்பிடிப்பா தெரிஞ்சிது?" என்று கேட்டார். "சும்மா தோணிச்சுக்கா" என்றேன். அதன்பிறகு அவளுக்கு மட்டும் சாயந்திரமே சாப்பாடு என்று ஏற்பாடானது. ஒரு மாதத்தில் கன்னத்தில் சதை பிடித்தது. அவளுக்காக இதை யோசித்தவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான்.

ஒருநாள் தனம் அக்கா உள்ளே போயிருந்தபோது, "மருதேவி" என்று மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"தம்பி வந்துட்டானா?" என்றாள்.

அதுவரை அவள் பேசி யாரும் கேட்டதில்லை. அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"வருவான். நீ சாப்பிடு" என்றேன்.

பிறகு நான் போகும்போதெல்லாம் அதையே கேட்டாள். அவள் என்னைத்தான் தம்பி என்கிறாள் என்று தனம் அக்கா எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். கூடப் பிறந்தவன்கூட இப்படிப் பார்க்க மாட்டான்ப்பா என்றார்.

மாத்திரையைப் பற்றிக் கேட்பீர்கள். அந்தப் பெயரை எழுதிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன். டாக்டர் சீட்டு இல்லாமல் தர மாட்டேன் என்றார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான். காப்பகத்துக்கு வாரம் ஒருமுறை வருகிற டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். உனக்கு எப்படித் தெரியும் என்று அவரும் கேட்டிருப்பார். அவர் தனம் அக்கா இல்லை, தோணிச்சு என்றால் விடமாட்டார். இழுத்து விழுவது கொஞ்சம் கம்மியாகத்தான் இருந்தது, சாப்பாடு சரியானதும் அதுவும் சரியாகிவிடும் என்று நினைத்தேன். நான் என்ன வைத்தியமா படித்திருக்கிறேன்?

சித்திரையில் அவளுக்கு முடி வளர்ந்து காதைத் தொட்டது. தனம் அக்கா பொட்டு வைத்து, தலைவாரி, புதிதாகப் படம் எடுத்து என்னிடம் கொடுத்தார். "இப்பதான் மூஞ்சி தெரியுது. பழசத் தூக்கிட்டு இதப் போடுப்பா, யார்னா பாத்துட்டு வருவாங்க" என்றார். வாங்கிக்கொண்டேன். ஏற்றவில்லை. படம் ரொம்பக் கனம், பக்கம் திறக்க நேரமாகும் என்று சொல்லிவைத்தேன். அது பொய். அந்தப் படத்தைப் பார்த்தால் ஸ்ரீபாலுக்குச் சந்தேகமே இருந்திருக்காது. உடனே எழுதியிருப்பான். எழுதும்போது, ஏற்கெனவே மூன்று தடவை எழுதியும் நீங்கள் பதில் சொல்லவில்லை என்று கேட்டிருப்பான். அந்த வரி ஐயாவின் மெயிலில் வந்து விழுவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அவன் எழுதுவான் என்று காத்திருந்தேன் என்று மேலே சொன்னேன். இங்கே அவன் எழுதிவிடக் கூடாது என்று படத்தை வைத்துக்கொண்டேன் என்கிறேன். இரண்டும் இடிக்கிறதே என்பீர்கள். இடிக்கட்டும். இரண்டும் உண்மைதான்.

வைகாசியில் ஒரு முற்பகல், துணி துவைக்கிற இடத்தில் அவளுக்கு வலிப்பு வந்திருக்கிறது. பக்கத்தில் யாரும் இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குள் முகம் குப்புற விழுந்திருந்தாள். தனம் அக்கா வந்து தூக்கும்போது எல்லாம் முடிந்துவிட்டது. எனக்குப் போன் செய்து அழுதார். ஐயாவும் பேசினார். தளத்திலிருந்து அவள் படத்தை எடுத்துவிடச் சொன்னார். எடுத்தேன். கையோடு ஸ்ரீபால் எழுதிய மூன்று செய்திகளையும் அழித்தேன். தேங்கிக் கிடந்த மற்றவர்களுடையதையும் அழித்தேன். அவனுடையதை மட்டும் அழித்தால் வரிசையில் அந்த மூன்று எண் மட்டும் விட்டுப்போனது தெரியும், மொத்தமாகப் போனால் சர்வர் மாற்றியதில் போனது என்பார்கள். அந்தச் செய்திகளில் தேடப்பட்டவர்களில் இரண்டு பேர் இன்னும் காப்பகத்திலேயே இருக்கிறார்கள். யார் வீட்டுக்காரர்கள், எந்த ஊர் என்று உங்களுக்கு வேண்டுமானால் சொல்கிறேன். எல்லாவற்றையும் நன்றாகப் படித்திருக்கிறேன், மறக்கவில்லை. இதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை.

ஆடியில் ஸ்ரீபால் விடுப்பில் வந்தான். பஸ் ஸ்டாண்டிலிருந்து தொடங்கி ஒவ்வொருவரிடமாக அக்காவின் படத்தைக் காட்டிக் கேட்டிருக்கிறான். ஒரு ஆட்டோக்காரர் காப்பகத்துக்குக் கொண்டுபோய் விட்டார். படத்தைப் பார்த்ததும் தனம் அக்கா தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். எங்கள் தானியங்கிப் பதில்கள் மூன்றையும் அவன் பத்திரமாக வைத்திருந்தான். அதை வைத்து அவன் ஸ்டேஷனில் கொடுத்த புகாரில்தான் நீங்கள் வந்தீர்கள்.

சர்வர் மாற்றும்போது ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு, யாருக்கும் தெரியாமல் நடந்துவிட்டது, யார் மீதும் குற்றமில்லை என்று நீங்கள் எழுதிவைத்திருக்கிற காகிதத்தைப் பார்த்தேன். சக்கரவர்த்தி ஐயாவும் எனக்காகப் பேசினார். "மிஷின் பண்ண தப்புக்கு மனுசன் இன்னா பண்ணுவான். போட்டுட்டு வாப்பா" என்றார். ஸ்ரீபாலும் தலையை ஆட்டினான். அவன் அழுது அழுது முகம் வீங்கியிருந்தான். கையெழுத்துப் போட்டால் நான் வீட்டுக்குப் போகலாம் என்கிறீர்கள்.

போட மாட்டேன். மாசி மாதத்துக்குப் பிறகு என் தளத்தில் எந்தக் கோளாறும் இல்லை. இயந்திரம் தனக்குத் தெரிந்ததை முதல் நாளே சொல்லிவிட்டது. அதன் வாயை மூடியவன் நான். பிறகு எல்லாம் தெரிந்தே மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தவனும் நான். ஒன்றும் தெரியாத அரைகுறை என்று பெயர் வாங்கிக்கொண்டு வெளியே போவதைவிட, நீங்கள் எந்தப் பிரிவில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஸ்ரீபால் வெளியே உட்கார்ந்திருக்கிறான் என்று தெரியும். அக்கா யாருமில்லாத அநாதையாகச் செத்துப்போனாளே என்று சொல்லி அழுகிறானாம். அவனிடம் சொல்லுங்கள். அப்படி ஒன்றும் இல்லை. அவள் யார், என்ன பெயர், எந்த ஊர் என்று எல்லாம் தெரிந்த ஒருவன் கடைசிவரை அவளுக்குத் துணையாக இருந்தான்.